நாலாவது துணி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பம்மலில் என் ஷெட்டுக்கு வருகிற எல்லோருக்கும் இது தெரியும். "பாய்க்குக் கை நல்ல கை, வாய்தான் சரியில்ல" என்று என் காதுபடவே சொல்வார்கள். இருபது வருஷமாக அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு வந்தேன். வேலை தெரிந்தவனுக்குக் கோபம் இருந்தால் தப்பில்லை என்று ஒரு திமிர். அந்தத் திமிரால் நான் கெட்டுப்போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கெட்டது வேறு ஒருத்தன்.

என் பெயர் அமீருதீன். கார் ஏசி மெக்கானிக். தொண்ணூற்று ஐந்தில் எங்கள் பக்கம் ஏசி வைத்த கார் எண்ணி முப்பதோ நாற்பதோ இருந்திருக்கும். பெரும்பாலும் தோல் வியாபாரம் செய்கிறவர்களுடையது. அதில் பாதி என்னிடம்தான் வரும். குரோம்பேட்டை வேதாசலம் சாரின் வெள்ளை கான்டெஸாவும் அப்படித்தான் வந்தது. அதை ஓட்டிவந்தவன் ஜெபராஜ்.

ஜெபராஜுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். வீடு தாம்பரம் கடப்பேரியில். சாரிடம் பதினோரு வருஷமாக டிரைவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், கத்தி மாதிரி மடிப்பு. சாருக்கு யூனிஃபார்ம் சலவைக்குப் போட்டு வந்ததாக இருக்க வேண்டும், வீட்டில் துவைத்தது கூடாது. அதனால் அவன் சட்டை எல்லாவற்றிலும் காலருக்குள்ளே வண்ணான் குறி இருக்கும்: மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. நைந்துபோன சட்டையை அவன் தூக்கிப் போடமாட்டான். காலர், கை, முதுகு என்று பிரித்து வண்டி துடைக்க வைத்துக்கொள்வான். வண்டியை அவ்வளவு சுத்தமாக வைத்திருந்த டிரைவரை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

பிப்ரவரி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஏசி போட்டால் நாற்றம் வருகிறது, குளிரும் குறைவு என்று சொல்லி வண்டியைக் கொண்டுவந்தான். பம்மல் காற்றில் ஓடுகிற வண்டிக்கு இது வரத்தான் செய்யும். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற கூலிங் காயிலில் தூசி அப்பிக்கொள்ளும். கேஸை வெளியேற்றி, பைப்புகளைக் கழற்றி, காயிலை வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். அப்போது நாலு வாய் திறந்து கிடக்கும். காயிலில் இரண்டு, வண்டிப் பைப்புகளில் இரண்டு. திறந்த வாயை உடனே அடைத்துவிட வேண்டும். தூசியோ ஈரமோ உள்ளே போனால் அத்தனை வேலையும் வீண். பெரிய கம்பெனிகளில் அதற்கு ரப்பர் மூடி இருக்கும். எங்கள் ஷெட்டுகளில் துணிதான்.

"ஜெபராஜு, துடைக்கிற துணி ஏதாச்சும் குடுப்பா."

அவன் டிக்கியைத் திறந்து ஒரு பழைய காலர் துண்டை எடுத்தான். நாலாகக் கிழித்தான். "நாலு கீது பாய். பாத்து, திருப்பிக் குடுத்துடுங்க, கண்ணாடி துடைக்க ஆவும்" என்று சிரித்தான்.

நாலையும் நான்தான் அடைத்தேன். காயிலைக் கழுவிக் காயவைத்தேன். அதற்குள் ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது. கை கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். திரும்பிவந்தபோது ஷெட்டில் இன்னொரு வண்டிக்காரர் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அவரோடு இரைந்துகொண்டே காயிலை உள்ளே வைத்தேன், பைப்புகளை முடுக்கினேன், கேஸ் ஏற்றினேன். தொழுகைமேல் பழி போடமாட்டேன். அந்த வண்டிக்காரர்மேலும் போடமாட்டேன். நாலு துணி வைத்தவன் நாலு துணி எடுத்தோமா என்று பார்க்க அரை நிமிஷம் போதும். நான் பார்க்கவில்லை.

பிப்ரவரி மாதத்து வெயிலுக்கு ஏசி நன்றாகவே குளிர்ந்தது. சார் வீட்டிலிருந்து பிரியாணி வாங்கிச் சாப்பிடச் சொல்லி இனாம்கூட வந்தது.

மார்ச்சில் கூப்பிட்டு அனுப்பினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தோல் பார்ட்டியை ஏர்போர்ட்டில் விடப் போகும்போது மீனம்பாக்கம் சிக்னலில் பானட்டிலிருந்து புகை வந்திருக்கிறது. பெல்ட் எரிந்த நாற்றம். பார்ட்டியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பும்படி ஆகிவிட்டது. சார் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. வீட்டு வாசலில் வண்டி நின்றது. பக்கத்தில் ஜெபராஜ்.

பானட்டைத் திறந்து காம்ப்ரசரின் முன்தட்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. ஆயில் மூடியைத் திறந்து குச்சி விட்டால் நுனியில் கறுப்பாக ஒரு பொட்டு, அவ்வளவுதான். ஆயில் இல்லாமல் உள்ளே கடித்துக்கொண்டு ஜாம் ஆகியிருந்தது.

"போன மாசம்தானே பாய் எல்லாம் பாத்தீங்க? எப்படி ஆயில் போச்சு?" என்றார் சார்.

அப்போதுதான் ஜெபராஜ் வாயைத் திறந்தான். குற்றம் சொல்கிற குரலில்கூட இல்லை. "பாய், அன்னிக்கு நாலு துணி கிழிச்சுக் குடுத்தேனே. நாலையும் எத்துட்டீங்களா? எனக்கு மூணுதான் திரும்பி வந்துச்சு."

எனக்குத் தலைக்கு ஏறியது. சார் எதிரில், அவர் வீட்டு வாசலில், ஒரு டிரைவர் என்னைப் பார்த்துக் கேட்கிறான். "நீ எனக்கு வேலை கத்துக் குடுக்கிறியா? நீ ஸ்டியரிங் புடிக்கிறதுக்கு முன்னாடி நான் ஏசி கழட்டினவன். போய் வண்டியத் துடை" என்றேன். அவன் ஒரு அடி பின்னால் போய் நின்றுகொண்டான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சார் விடவில்லை. "அப்ப எதனால பாய்? காரணம் சொல்லுங்க" என்றார்.

"வண்டி நிக்கும்போது மணிக்கணக்கா ஏசி ஓடிச்சுன்னா ஆயில் வத்திடும் சார்" என்றேன். சொல்லிவிட்டு ஜெபராஜைப் பார்த்தேன்.

அது பொய் என்றும் சொல்ல முடியாது. அப்படியும் சில வண்டிகளில் ஆவதுண்டு. ஆனால் இந்த வண்டியில் அப்படித்தான் ஆனது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

சார் மெதுவாகத் திரும்பினார். "ஓ. நான் மீட்டிங்ல இருக்கும்போது நீ உள்ள ஏசி போட்டுட்டுத் தூங்குற. அதான் விஷயம்."

"சார், சத்தியமா இல்ல சார். வண்டி நிக்கசொல்ல நான் வெளியதான் நிப்பேன். வாட்ச்மேனக் கேளுங்க சார்."

"பாய் சொல்றாரே. அவருக்கு உன்மேல என்ன விரோதமா?"

ஜெபராஜ் என்னைப் பார்த்தான். நான் பானட்டுக்குள் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி ஸ்பேனரை எடுத்தேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் சாவியைக் கொடுத்தான். போகும்போதும் கைப்பட்ட கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் போனான்.

நான் வேறு காம்ப்ரசர் போட்டுக் கொடுத்தேன். அதைக் கழற்றி மாட்ட என்ஜின் பக்கத்து முனையை மட்டும் திறந்தால் போதும். டேஷ்போர்டுப் பக்கம் நான் போகவே இல்லை. போயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஒரு பத்து நாள் கழித்து ஜெபராஜ் ஷெட்டுக்கு வந்தான். சட்டையில் மடிப்பு இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் டிரைவர் வேலை காலியாக இருந்ததாம். நிரந்தர வேலை. அவன் பெண் அங்கே படித்தால் அவளுக்கு ஃபீஸும் கட்ட வேண்டாம். பள்ளிக்கூடத்தை நடத்துகிற பாதர் இவனுக்குத் தெரிந்தவர்தான், கொடுப்பதாகவே சொல்லியிருந்தார். வழக்கப்படி பழைய முதலாளிக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறார். சார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "நல்லா ஓட்டுவான். ஆனா தூங்குவான்."

"பசங்க ஏறுற பஸ்ஸு பாய். தூங்குறவன எப்பிடிடா வைக்கிறதுன்னு பாதர் கேக்குறாரு. நான் இன்னா பதில் சொல்றது?"

"நான் உன் பேரச் சொன்னேனா?" என்றேன்.

"சொல்லல பாய்" என்றான். "என்னப் பாத்தீங்க."

எனக்கு மறுபடியும் கோபம்தான் வந்தது. வேறு ஏதாவது வந்திருக்க வேண்டிய இடத்திலெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். அவன் கெஞ்சவில்லை. "மே இருபத்தெட்டு வரைக்கும் யாரையும் எடுக்கமாட்டேன்னு பாதர் சொல்லிகீறாரு. அதுக்குள்ள சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. தூங்குனதப் பாக்கல, சும்மா ஒரு இதுக்குச் சொன்னேன்னு சொன்னாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் சொல்லவில்லை.

மே மாதம், அக்னி நட்சத்திரம். சாரின் புது டிரைவர் துரை வண்டியைக் கொண்டுவந்தான். "காத்துதான் பாய் வருது, குளிரே வரல. சார் கத்துறாரு."

கேஸின் அழுத்தம் காட்டுகிற கேஜை மாட்டினேன். காம்ப்ரசருக்குத் திரும்பி வருகிற கேஸைக் காட்டும் நீல முள் கீழே, ஏறக்குறைய பூஜ்யத்தில். நீல முள் இறங்கினால் கேஸ் குறைவு என்று எந்த ஷெட்டிலும் சொல்வார்கள். நானும் ஏப்ரலில் அப்படித்தான் நினைத்துக் கேஸ் ஏற்றி அனுப்பியிருந்தேன். இப்போதும் கொஞ்சம் ஏற்றினேன். வெளியே போகிற பக்கத்துச் சிவப்பு முள் ஏறியது, நீலம் அசையவில்லை. கேஸ் இருக்கிறது, திரும்பி வரத்தான் வழியில்லை. சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், எங்கும் லீக் இல்லை. பிறகு கையை விட்டுத் தடிப் பைப்பைத் தடவிக்கொண்டே போனேன். காயிலில் குளிர்ந்த கேஸ் காம்ப்ரசருக்குத் திரும்புகிற பைப் அது. முழுக்க ஒரே மாதிரி வேர்த்திருக்க வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில், காயிலிலிருந்து நாலு விரல் தள்ளி, ஒரு இடத்தில் மட்டும் பனி கட்டியிருந்தது. வளையல் போட்ட மாதிரி வெள்ளையாக ஒரு சுற்று.

கையை எடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திறக்காமலே தெரிந்துவிட்டது.

"இன்னா பாய்?" என்றான் துரை.

"டீ குடிச்சிட்டு வா. நேரமாகும்" என்று அனுப்பிவிட்டேன்.

கேஸை வெளியேற்றிப் பைப்பைக் கழற்றினேன். கொக்கி விட்டு இழுத்தேன். எண்ணெயில் ஊறிக் கறுத்து, சுருண்டு, ஒரு துணி வந்தது. அதன் பின்னாலேயே தேங்கியிருந்த ஆயிலும் என் கையில் கொட்டியது. காம்ப்ரசருக்குப் போயிருக்க வேண்டிய ஆயில். கேஸைத் துணி கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருக்கிறது, ஆயிலைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. துணியைப் பெட்ரோலில் அலசிப் பிரித்தேன். மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. வண்ணான் மை எதற்கும் போகாது.

துரை திரும்பிவந்து, "இன்னா இருந்துச்சு?" என்றான்.

"அழுக்கு" என்றேன். துணி என் சட்டைப் பையில் இருந்தது.

வண்டி பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. மறுநாள் சாரைப் பார்க்க அவர் ஆபீசுக்குப் போனேன். சத்தியமாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சார் எதிரில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். "வாங்க பாய். சூப்பர் கூலிங்" என்று சொல்லி, அவரிடம், "இவருக்குத் தெரியாத ஏசி கிடையாது. என் பழைய டிரைவர் உள்ள தூங்கறதை காம்ப்ரசரைப் பார்த்தே கண்டுபிடிச்சவர்" என்றார்.

"அது விஷயமாத்தான் சார்" என்று ஆரம்பித்தேன். "பைப்புல ஒரு அடைப்பு இருந்திச்சு. காம்ப்ரசர் அதனாலதான் போயிருக்கு. ஜெபராஜ் மேல தப்பில்ல போல."

"அடைப்பா? அது எப்படி வந்தது?"

இதுதான் இடம். ஒரு வார்த்தை. என் வாயிலிருந்து வந்தது, "பழைய பைப்பு சார்."

"அது வேற, அவன் தூங்கினது வேற" என்றார் சார். "நீங்கதானே சொன்னீங்க? விடுங்க பாய், போனவனைப் பத்தி என்ன."

படி இறங்கும்போது என் முகத்தில் நானே துப்பிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ஜெபராஜ் கோவளத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்துப் போனேன். விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஐஸ் ஏற்றிவரும் ஓட்டை டெம்போ ஒன்றை அவன் ஓட்டிக்கொண்டிருந்தான். லுங்கியும் கை வைத்த பனியனுமாகப் பாளம் பாளமாக ஐஸை இறக்கிக்கொண்டிருந்தவனை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

துணியை எடுத்துக் காட்டினேன். குறியைப் பார்த்தான். விரலால் அந்த மூன்று புள்ளியையும் தடவினான். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நாலாவது" என்றான் கடைசியில்.

"ஆமா."

"நான் அன்னிக்கே கேட்டேன் பாய்."

"கேட்ட."

"எழுதிக் குடுங்க. பாதர்கிட்ட குடுக்கறேன். இன்னும் அஞ்சு நாள் கீது."

பையிலிருந்த பில் புத்தகத்தின் ஒரு தாளைக் கிழித்து, டெம்போ மேல் வைத்து எழுதினேன். கான்டெஸாவின் பைப்பில் ஒரு துணி இருந்ததால் காம்ப்ரசர் பழுதானது, டிரைவர் ஏசி போட்டுத் தூங்கியதால் அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியபோது பெரிய காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

அவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தான். "துணி எப்பிடி உள்ள போச்சுன்னு போடலையே பாய்?"

நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"பாதர் கேப்பாரு. யாரு துணின்னு கேப்பாரு. என் துணி, குறி கீது. இத்த எத்துகினு போனா நானே சொருவி வெச்சேன்னு ஆவும். தூங்குறவன்னு போன பேரு, வேணும்னே வண்டியக் கெடுத்தவன்னு வரும்." தாளை என்னிடம் நீட்டினான். "யாரு வெச்சதுன்னு ஒரு வரி எழுதுங்க."

பேனா என் கையில் இருந்தது. என் ஷெட்டை நினைத்தேன். பாதருக்குத் தாம்பரத்தில் பாதிப் பேரைத் தெரியும். பாதர் சாருக்குப் போன் போடுவார். சார் தோல்காரர்கள் எல்லோருக்கும் சொல்வார். துணியை உள்ளே விட்டுத் தைத்த டாக்டர் மாதிரி என்று சிரிப்பார்கள்.

"இது சரிப்படாது, ஷெட்டுத் தாள்ல சீல் வெச்சு ஒழுங்கா எழுதித் தரேன். ரெண்டு நாள்ல நானே பாதர்கிட்ட கொண்டு போய்க் குடுத்துடறேன்" என்றேன்.

அவன் என்னை நம்பினான். அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. "துணிய நீங்களே வெச்சிகங்க பாய், சாட்சிக்கு ஆவும்" என்று சொல்லி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

அன்று மாலையே எழுதினேன். 'அமீருதீன் ஆகிய நான் என் கவனக்குறைவால் துணியைப் பைப்புக்குள் விட்டுவிட்டேன். அது தெரியாமல் டிரைவர் ஜெபராஜ் மேல் சந்தேகம் வரும்படி பேசினேன். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை.' சீல் வைத்தேன். என் மனைவி சபீஹா படித்துப் பார்த்து, "நாளைக்கே கொண்டு போய்க் குடுத்துட்டு வாங்க. குடுத்தாத்தான் உங்களுக்குச் சோறு இறங்கும்" என்றாள்.

மறுநாள் சார் அனுப்பியதாகச் சொல்லி இரண்டு புது வண்டிகள் வந்தன. அதற்கடுத்த நாட்களிலும் வேலை இருந்தது. இருபத்தெட்டாம் தேதி காலை போனேன். பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றேன். மஞ்சள் பஸ் உள்ளே நின்றது, புதிதாகப் பெயின்ட் அடித்து. ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். வாட்ச்மேன் வந்து, "யாரப் பாக்கணும் பாய்?" என்றான்.

"யாரையும் இல்ல. சும்மா நிழலுக்கு நின்னேன்" என்றேன்.

பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து அந்த பஸ் காலை ஏழே முக்காலுக்கு என் ஷெட்டைத் தாண்டிப் போகிறது. ஓட்டுகிறவன் யாரோ ஒருத்தன். ஜெபராஜ் அதற்குப் பிறகு என்னைத் தேடி வரவில்லை. வந்து சட்டையைப் பிடிப்பான் என்று எத்தனையோ நாள் காத்திருந்தேன். அவன் அதற்குக்கூட என்னை மதிக்கவில்லை.

இப்போது எந்த வண்டியைத் திறந்தாலும் துணியை எண்ணித்தான் வைக்கிறேன், எண்ணித்தான் எடுக்கிறேன். சத்தமாக. வண்டிக்காரர்கள் பக்கத்தில் நின்று கேட்கிறார்கள். வேதாசலம் சார் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்: "ஏசின்னா பம்மல் பாய்கிட்டதான் விடணும். அடைக்கிற துணியைக்கூட எண்ணி வைப்பார், அவ்வளவு கவனம்." அதைக் கேட்டே பல்லாவரத்திலிருந்தும் குன்றத்தூரிலிருந்தும் வண்டிகள் வருகின்றன. ஷெட்டைப் பெரிதாக்கிவிட்டேன்.

கடிதம் மேஜை டிராயரில் இருக்கிறது, துணியை அதற்கு மேல் மடித்து வைத்திருக்கிறேன். எண்ணெய் ஊறித் தாள் மஞ்சளாகிவிட்டது. என் பெயர் மட்டும் இன்னும் தெளிவாகப் படிக்க முடிகிறது.